மூன்று எழுத்தை எடுத்துவிட்டு ஊர் பெயரைப் போடுங்கள்

நேரத்தைத் திரையில் காட்டும் கோட் எழுதுகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஐ.எஸ்.டி., சி.எஸ்.டி., பி.எஸ்.டி. மாதிரி நேர மண்டலத்தை (டைம்ஸோனை)க் குறிக்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்களைப் பயனர் கண்ணில் படவே விடாதீர்கள். இடம் அடைக்காது, டிசைனருக்குப் பிடிக்கும், எல்லாம் சரி. ஆனால் ஐ.எஸ்.டி. இந்தியாவுக்கும் இருக்கிறது, இஸ்ரேலுக்கும் இருக்கிறது, அயர்லாந்துக்கும் இருக்கிறது. சி.எஸ்.டி.யை அமெரிக்காவின் நடுப்பகுதியும் சீனாவும் கியூபாவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பி.எஸ்.டி. என்றால் லண்டன்காரருக்கு அவர்கள் ஊர் கோடை நேரம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பது), டாக்காவில் இருப்பவருக்கு வங்கதேச நேரம்.

நான் வேலை பார்ப்பது இணையவழி இசை வகுப்புகளுக்கான மென்பொருளில். ஆசிரியர்கள் பெரும்பாலும் கும்பகோணம், திருச்சி, சென்னைப் பக்கம். பிள்ளைகள் நியூஜெர்சி, டொராண்டோ, லண்டன், சிங்கப்பூர், டப்ளின் என்று பரவிக் கிடக்கிறார்கள். எனக்கு முன்னால் யாரோ எழுதிவைத்த கோட் அனுப்பிய அழைப்பில் "சனி பிற்பகல் 3.30 ஐ.எஸ்.டி." என்று இருந்தது. டப்ளினில் ஒரு அம்மா மகளைத் தயார் செய்து, சுருதிப் பெட்டி ஆப்பையும் ஓடவிட்டு, அவர்கள் ஊர் மூன்றரைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். மாதம் ஜூன். அயர்லாந்தில் சட்டப்படி கோடைக்கால நேரம்தான் ஸ்டாண்டர்டு டைம், குளிர்காலத்தில்தான் ஒரு மணி நேரம் பின்னால் போகிறார்கள். ஆக அவர் வாழும் நாட்டில் அந்த மாதம் ஐ.எஸ்.டி. என்றால் ஐரிஷ் ஸ்டாண்டர்டு டைம். வகுப்போ அவர் கடிகாரப்படி காலை 11 மணிக்கே தொடங்கிவிட்டது, நாலரை மணி நேரத்துக்கு முன்னால். "நீங்க அனுப்பினதைத்தானே படிச்சேன்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது?

மனிதர்களாவது சந்தேகம் வந்தால் போன் பண்ணிக் கேட்பார்கள், மென்பொருள் அதையும் செய்யாது. ஜாவா நிரல்மொழியில் நேர மண்டலத்தைக் கையாளும் பழைய டைம்ஸோன் கிளாஸுக்கு "பி.எஸ்.டி." என்று கொடுத்துப் பாருங்கள், அது டாக்காவை எடுத்துக்கொள்ளும். லண்டனில் இருந்து வந்த நேரம் ஐந்து மணி நேரம் தள்ளிப் போய்விடும், ஒரு எச்சரிக்கையும் இருக்காது. அதே கிளாஸ், தனக்குப் புரியாத பெயர் எதைக் கொடுத்தாலும் சத்தமில்லாமல் ஜி.எம்.டி.யை (கிரீன்விச் நேரத்தை)த் திருப்பித் தரும். கோ என்ற நிரல்மொழி வேறு மாதிரி. சுருக்கத்தோடு வரும் நேரத்தைப் படிக்கச் சொன்னால், கோட் ஓடுகிற மெஷினின் சொந்த டைம்ஸோனில் அந்தச் சுருக்கம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் சரியான ஆஃப்செட், அதாவது உலகப் பொது நேரத்துக்கு எவ்வளவு முன்னால் அல்லது பின்னால் என்ற கணக்கு. இல்லாவிட்டால் பெயரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு ஆஃப்செட்டைப் பூஜ்யமாக்கிவிடும். இதன் விளைவு என்ன தெரியுமா? சென்னையில் உங்கள் லேப்டாப்பில் ஐ.எஸ்.டி. ஒழுங்காக வேலை செய்யும், யு.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும் சர்வரில் ஏற்றியதும் ஐந்தரை மணி நேரம் காணாமல் போகும். "என் மெஷினில் சரியாத்தான் வருது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

இந்தப் பழக்கம் மின்னஞ்சல் காலத்திலிருந்து வருகிறது. 1982இல் வந்த ஆர்.எஃப்.சி. 822 என்ற மின்னஞ்சல் விதிமுறையில் பெயர் சொல்லி அங்கீகரித்த சுருக்கங்களில் ஜி.எம்.டி., யு.டி. போக மீதி எல்லாம் அமெரிக்கக் கண்டத்து நேரங்கள்தான். அப்போது வலையமைப்பில் இருந்தவர்களுக்கு அது போதுமாக இருந்திருக்கும். ராணுவத்தில் பயன்படுத்தும் ஒற்றை எழுத்து நேர மண்டலப் பெயர்களையும் அதில் சேர்த்தார்கள், ஆனால் கூட்டல் கழித்தல் குறியைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள். அதனால் பின்னால் வந்த விதிமுறை, அந்த எழுத்துகளை நம்பவேண்டாம், ஆஃப்செட் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவேண்டி வந்தது.

சரி, இந்தப் பெயர்கள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன? உங்கள் போனிலும் சர்வரிலும் இருப்பது, இணையத்தின் பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைக்கும் ஐ.ஏ.என்.ஏ. அமைப்பு வெளியிடும் டைம்ஸோன் டேட்டாபேஸ். ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது, இப்போது பால் எகர்ட் பார்த்துக்கொள்கிறார். கூட ஒரு மின்னஞ்சல் குழு, அவ்வளவுதான், பெரிய அலுவலகம் எதுவும் கிடையாது. 2011இல் ஒரு ஜோதிட மென்பொருள் நிறுவனம் வழக்குப் போட்டு அதைக் கொஞ்ச நாள் முடக்கியே விட்டது, அதன் பிறகுதான் அது ஐ.ஏ.என்.ஏ. குடையின் கீழ் வந்தது. அடுத்த ஆண்டே வழக்கு திரும்பப் பெறப்பட்டது. அந்த டேட்டாபேஸில் நெடுங்காலம் இருந்த சுருக்கங்களில் பல, அந்தந்த நாட்டில் யாரும் பயன்படுத்தாதவை. பட்டியல் நிரம்பவேண்டும் என்று பராமரித்தவர்களே ஆக்கிப் போட்டவை. 2016, 2017 வாக்கில் அவற்றை எடுத்துவிட்டு வெறும் எண்ணை வைத்தார்கள். இன்று கொழும்புக்குச் சுருக்கம் கேட்டால் "+0530" என்றுதான் வரும். எனக்கு அந்த முடிவு ரொம்பப் பிடித்தது. தெரியாத பெயரைச் சொல்வதைவிடத் தெரிந்த எண்ணைச் சொல்வது மேல்.

கொழும்பு என்றதும் ஒன்று. அந்த டேட்டாபேஸ் கோப்பை வெறும் தரவு என்று நினைத்துத் திறந்தால் ஏமாந்துபோவீர்கள், பாதிக்கு மேல் குறிப்புகள்தான். இலங்கையின் ஆஃப்செட் 1996 மே மாதம் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குப் போனது, அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கு இறங்கியது, 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மறுபடி ஐந்தரைக்கே வந்தது. இந்தப் பத்தாண்டும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் கடிகாரம் நகரவில்லை, பழைய ஐந்தரையிலேயே ஓடியது. டேட்டாபேஸில் அந்தப் பகுதிக்கென்று தனி மண்டலம் கிடையாது. ஆனால் இலங்கைக்கான வரிகளுக்கு மேலே ஒரு குறிப்பு இருக்கிறது: தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருப்பவர்கள் ஆசியா/கொல்கத்தாவை (இந்திய நேரத்துக்கு டேட்டாபேஸில் உள்ள பெயர்)ப் பயன்படுத்திக்கொள்ளலாம், 1970க்குப் பிறகு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன என்று. ஆக 2001இல் கிளிநொச்சியில் பதிந்த ஒரு நேரத்தை இன்று சரியாகக் காட்ட வேண்டுமானால், ஆசியா/கொழும்பு என்று போட்டால் அரை மணி நேரம் தப்பு. நாட்டின் பெயரைப் பார்த்து மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கிற எந்த லைப்ரரிக்கும் (மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்தக் கோட்) இது தெரியாது.

அந்த அரை மணி நேரத்துக்கு வருவோம். பெயர் வேண்டாம், எண்ணையே காட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் வழுக்கி விழும் இடமும் அதுதான். உலகத்தில் பெரும்பாலான இடங்கள் முழு மணிக் கணக்கில் இருப்பதால், நிறைய கோட் அரை மணியை மறந்தே எழுதப்பட்டிருக்கிறது. நேரத்தை எழுத்தாக்கித் தரும் ஜாவாவின் பழைய சிம்பிள்-டேட்-ஃபார்மேட்டில், ஆஃப்செட்டைக் காட்டச் சொல்லி ஒற்றைப் பெரிய எக்ஸ் போட்டால் இந்தியாவுக்கு "+05" என்று மட்டும் வரும், முப்பது நிமிடத்தை அது விழுங்கிவிடும். ஏமாற்றி அல்ல, ஆவணத்தில் எழுதிவைத்துவிட்டே விழுங்குகிறது. புதிய டேட்-டைம்-ஃபார்மேட்டரில் அதே ஒற்றை எக்ஸுக்கு "+0530" வரும். ஒரே மொழி, ஒரே எழுத்து, இரண்டு விடை. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் ஒரு சின்ன இசட் போட்டால் "+5", இரண்டு போட்டால் "+05", மூன்று போட்டால்தான் "+05:30". நியூயார்க்கில் உட்கார்ந்து எழுதுபவருக்கு ஒன்றும் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும், தப்பு நம் திரையில்தான் வெடிக்கும்.

இதைவிட வேடிக்கை, லைப்ரரி எதற்கு, நானே இரண்டு வரியில் எழுதிக்கொள்கிறேன் என்பவர்களின் கோட். ஜாவாஸ்கிரிப்டில் ஆஃப்செட் கேட்டால் இந்தியாவுக்கு −330 கிடைக்கும். குறி தலைகீழ், ஏனென்றால் அது உள்ளூர் நேரத்திலிருந்து யு.டி.சி.க்குப் போக எவ்வளவு கூட்டவேண்டும் என்று சொல்கிறது. யூனிக்ஸில் டைம்ஸோனைக் குறித்துவைக்கும் டி.இஸட். மாறியிலும் இதே தலைகீழ்தான், டேட்டாபேஸில் "ஜி.எம்.டி.-5" என்று பெயர் கொண்ட மண்டலம் கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஐந்து மணி நேரம். சரி, குறியைத் திருப்பி 330 ஆக்கி, அறுபதால் வகுத்து, கீழ்ப்பக்கம் முழு எண்ணாக்கி ஐந்து, மீதி முப்பது, "+05:30". அழகாக வேலை செய்கிறது, கோட் ரிவ்யூவிலும் தப்பித்துவிடுகிறது. இப்போது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை எடுங்கள். குளிர்காலத்தில் −3:30, அதாவது −210 நிமிடம். அறுபதால் வகுத்தால் −3.5, கீழ்ப்பக்கம் முழு எண்ணாக்கினால் −4, மீதி முப்பது. திரையில் "−04:30". ஒரு மணி நேரம் தப்பு. செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் இருக்கும் பயனர் புகார் கொடுக்கும்வரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நம் எல்லோரின் டெஸ்டும் கிழக்குப் பக்கத்து அரை மணியில்தான் ஓடியிருக்கிறது.

இதற்குத் திருத்தம் என்று சிலர் பூஜ்யத்தை நோக்கி முழு எண்ணாக்குவார்கள். அது நியூஃபவுண்ட்லாந்தைச் சரிசெய்யும். ஆனால் லைபீரியாவின் மன்ரோவியா 1972 ஜனவரி வரை −0:44:30இல் இருந்தது. அங்கே மணி என்ற பகுதி பூஜ்யம், பூஜ்யத்துக்குக் கழித்தல் குறி ஒட்டாது, ஆகவே மேற்கே இருக்கவேண்டியது கிழக்கே போய்விடும். குறியை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியை நேர்மதிப்பில் வகுப்பது ஒன்றுதான் வழி. இல்லையென்றால் லைப்ரரியைப் பயன்படுத்துங்கள், அதற்குத்தான் இருக்கிறது.

மன்ரோவியா எல்லாம் யாருக்குத் தேவை என்று தோன்றலாம். பழைய ஆஃப்செட் நம் ஊரிலும் உண்டு, எதிர்பாராத இடத்தில் எட்டிப் பார்க்கும். ஆசியா/கொல்கத்தாவின் வரலாற்றில் 1870 முதல் 1906 ஜனவரி 1 வரை ஆஃப்செட் 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. அது மெட்ராஸ் நேரம். நாடு முழுக்க ரயில்கள் மெட்ராஸ் வானாய்வகத்தின் கணக்கில் ஓடிய காலம். சில டேட்டாபேஸ்களில் காலியான தேதிக் கட்டத்துக்கு 1900 ஜனவரி 1 என்று தானாக விழும். அதை பிரவுசரில் இந்திய நேரத்துக்கு மாற்றிக் காட்டினால் "+0521" என்று வந்து நிற்கும், டெவலப்பர் தலையைச் சொறிவார். யாரோ நிரப்ப மறந்த கட்டங்களில் மெட்ராஸ் நேரம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். பைத்தானில் டைம்ஸோனுக்கான பைட்ஸ் (pytz) லைப்ரரியை நேராகத் தேதியோடு ஒட்டிவிட்டால் வரும் "+05:53" இன்னும் பழையது, 1854க்கு முந்தைய கல்கத்தாவின் உள்ளூர் நேரம். 23 நிமிட வித்தியாசத்தில் வகுப்பு நேரம் வருகிறதென்றால் வேறு எங்கும் தேடவேண்டாம், அதுதான். அந்த லைப்ரரியிலேயே இருக்கும் லோக்கலைஸைப் பயன்படுத்துங்கள், அல்லது பைத்தான் 3.9இல் வந்த ஸோன்இன்ஃபோவுக்கு மாறிவிடுங்கள்.

அப்புறம் பிரவுசர். டைம்ஸோனுக்குக் குறும்பெயர் கொடு என்று கேட்டால் அது மொழியமைப்பையும் சேர்த்துப் பார்க்கும். கொல்கத்தா நேரத்தை இந்திய ஆங்கிலத்தில் கேட்டால் ஐ.எஸ்.டி., அமெரிக்க ஆங்கிலத்தில் கேட்டால் "ஜி.எம்.டி.+5:30". நியூயார்க்கை அமெரிக்க ஆங்கிலத்தில் கேட்டால் இ.எஸ்.டி., பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கேட்டால் "ஜி.எம்.டி.-5". இதற்குப் பின்னால் மொழிவாரி, நாட்டுவாரி வழக்கங்களைத் தொகுத்த யூனிகோட் அமைப்பின் சி.எல்.டி.ஆர். தரவு இருக்கிறது; அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான சுருக்கம் என்றால் மட்டும் காட்டு, இல்லாவிட்டால் எண்ணைக் காட்டு என்பது அதன் கொள்கை. நியாயமான கொள்கைதான். ஆனால் இந்தியாவில் டெஸ்ட் செய்பவர் பார்ப்பது ஒன்று, வாடிக்கையாளர் பார்ப்பது வேறொன்று. போதாக்குறைக்கு, சிலர் மண்டலத்தின் உள்பெயரையே அப்படியே திரையில் கொட்டுவார்கள். கல்கத்தாவின் பெயர் 2001இலேயே கொல்கத்தா என்று மாறிவிட்டது, குரோம் பிரவுசரோ நெடுங்காலமாக "ஆசியா/கல்கட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தது, கும்பகோணத்து வித்வான் ஒருவருக்கு அது தெரிந்தபோது "நான் எதுக்குங்க கல்கத்தா நேரத்துல பாடணும்?" என்று கேட்டார். உள்பெயர் கணினிக்கு. அதில் சாய்கோடு இருப்பதே அதற்கு அடையாளம்.

இந்த விஷயத்தில் விண்டோஸ் கொஞ்சம் விவரம். அதன் பட்டியலில் நம் மண்டலம் "யு.டி.சி.+05:30 சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி" என்று இருக்கும். அகர வரிசையின் புண்ணியத்தில் சென்னை முதலில். எண்ணும் உண்டு, ஆளுக்குத் தெரிந்த ஊரும் உண்டு.

நாங்கள் இப்போது காட்டுவது இப்படி. பார்ப்பவரின் ஊர் நேரம் முதலில், பெரிதாக. ஆசிரியரும் மாணவரும் ஒரே ஆஃப்செட்டில் இருந்தால் மண்டலத்தின் பெயரே வராது. மன்னார்குடிக்கும் மதுரைக்கும் நடுவே "இந்திய நேரம்" என்று எழுதுவது வீண். வேறு வேறு என்றால் இரண்டாவது வரியில் எதிர்ப்பக்கத்தின் நேரம், கூடவே ஊர் பெயர். "வெள்ளி, 13 ஜூன், இரவு 9.00, நியூயார்க் நேரம்", அதன் கீழே "சனி, 14 ஜூன், காலை 6.30, இந்திய நேரம்". கிழமையும் தேதியும் இரண்டு வரியிலும் கட்டாயம், ஏனென்றால் இங்கே சனி விடியும்போது அங்கே இன்னும் வெள்ளி இரவு. நாட்டுக்கு ஒரே மண்டலம் என்றால் நாட்டின் பெயர், பல மண்டலம் என்றால் பெரிய நகரத்தின் பெயர். எண் தேவைப்படுபவர்கள் தொட்டுப் பார்த்தால் "+05:30" தெரியும். லாக் கோப்புகளில் எல்லாமே யு.டி.சி., கடைசியில் அதைக் குறிக்கும் இசட், அதில் விவாதத்துக்கே இடமில்லை.

"நியூயார்க் நேரம்" என்று சொல்வதில் இன்னொரு லாபம் இருக்கிறது. இ.எஸ்.டி.யா (குளிர்கால நேரம்) இ.டி.டி.யா (கோடை நேரம்) என்ற குழப்பமே எழாது. அமெரிக்காவில் ஜூலை மாதத்தில்கூட இ.எஸ்.டி. என்று எழுதுபவர்கள் ஏராளம், அதை நம்பி கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் தப்பும். காலை 6.30 வகுப்பு அவர்களுக்குக் கோடையில் இரவு 9, குளிர்காலத்தில் 8. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு மாறும், பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு. இடையில் இருக்கும் இரண்டு மூன்று வாரம் எங்கள் உதவி மையத்துக்குத் தீபாவளி மாதிரி, போன் ஓயாது. ஊர் பெயர் போட ஆரம்பித்த பிறகு அழைப்புகள் நின்றுபோகவில்லை, ஆனால் கேள்வி மாறிவிட்டது. முன்பு "இது எந்த நேரம்?" என்று கேட்டார்கள், இப்போது "ஏன் மாறியது?" என்று கேட்கிறார்கள். இரண்டாவதற்கு நம்மிடம் பதில் இருக்கிறது.

டைம்ஸோனே போடக்கூடாத இடமும் உண்டு. பிறந்த தேதி அதில் முதல். ஜாவாஸ்கிரிப்டில் வெறும் தேதியை மட்டும் கொடுத்தால் அதை யு.டி.சி. நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் அது அதே நாள் காலை ஐந்தரை, ஆகவே தேதி சரியாகத் தெரியும். நியூஜெர்சியில் அது முந்தைய நாள் மாலை. குழந்தைக்கு ஒரு நாள் முன்னதாகவே பிறந்தநாள் வாழ்த்து போகும். கிரீன்விச்சுக்குக் கிழக்கே உட்கார்ந்து கோட் எழுதும் நம் கண்ணில் இந்த பக் (கோட் பிழை) படவே படாது, இதற்காகவே மெனக்கெட்டுத் தேடினால் ஒழிய.

எதிர்கால வகுப்பை யு.டி.சி.க்கு மாற்றிச் சேமிப்பதும் ஆபத்துதான். 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடை நேர மாற்றத்தை ரமலான் முடியும்வரை தள்ளிவைப்பதாக மூன்று நாள் இடைவெளியில் அறிவித்தது. மரோனைட் திருச்சபையும் சில தொலைக்காட்சிகளும் ஏற்க மறுத்தன, ஒரே நகரத்தில் இரண்டு நேரம் ஓடியது, சில நாளில் அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. டைம்ஸோன் டேட்டாபேஸ் அதற்காக ஒரு பதிப்பு வெளியிட்டு, உடனே அதை ரத்து செய்ய இன்னொரு பதிப்பு வெளியிட்டது. நடுவில் அப்டேட் ஆன போன்களும் ஆகாத போன்களும் வேறு வேறு நேரம் காட்டியிருக்கும். பெய்ரூத்தில் மாலை 5 மணி என்று ஆசிரியர் சொன்னதை "மாலை 5, ஆசியா/பெய்ரூத்" என்றே வைத்திருந்தால் விதி மாறினாலும் காட்டும்போது சரியாகிவிடும். 2024இல் வந்த ஆர்.எஃப்.சி. 9557 இப்போது இதற்கு முறைப்படி ஒரு வடிவம் கொடுத்திருக்கிறது: நேரம், ஆஃப்செட், அதையடுத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் மண்டலத்தின் பெயர்.

கடைசியாக ஒரு யோசனை, செலவில்லாதது. டெஸ்ட் ஓடும் சர்வரின் டைம்ஸோனை யு.டி.சி.யில் வைக்காதீர்கள், செயின்ட் ஜான்ஸில் வையுங்கள். கிரீன்விச்சுக்கு மேற்கே, அரை மணிக் கணக்கு, கோடை நேரமும் உண்டு. மேலே சொன்ன பக்குகளில் பாதி முதல் நாளே சிவப்பாக வந்து நிற்கும். மீதிக்குக் காத்மாண்டுவின் 5:45ஐயும், கோடையில் அரை மணி மட்டும் நகரும் ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹவ் தீவையும், +14இல் இருக்கும் பசிபிக் தீவான கிரிட்டிமாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.